ஸ்கேலைக் கடன் வாங்குவதா, நாமே உருவாக்குவதா, ஒரே கேள்வியில் முடிப்பதா?

ஆய்வுத் திட்டத்தை எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் நாள் நெருங்கினால், எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், ரெடிமேட் ஸ்கேல் எடுக்கவா, இல்ல நாங்களே டூல் தயார் பண்ணவா? கைடு ரெண்டுமே சரின்னு சொல்லுதாங்க." ஸ்கேல் என்று அவர்கள் சொல்வது, மனச்சோர்வு, வலி போன்றவற்றை அளக்கும் கேள்வித்தாளை. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் குமரி மாவட்டத்து நர்சிங் கல்லூரிகளில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவிகள். சமுதாய மருத்துவம் படிக்கும் டாக்டர்களும் கேட்பார்கள். எப்போதாவது கடற்கரை ஊர்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தாரும் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பிரஷருக்குக் கருவி இருக்கிறது, சர்க்கரைக்கு ஸ்ட்ரிப் இருக்கிறது. மனச்சோர்வு, பயம், வலி, வாழ்க்கைத் தரம், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் பாரம், இவற்றுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. இவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் பேச்சிலும் அடையாளம் விட்டுப் போகும். புள்ளியியலில் இவற்றை உள்ளுறை மாறி என்கிறோம். அந்த அடையாளங்களைப் பற்றிக் கேட்டு, 'இல்லவே இல்லை' முதல் 'எப்போதும்' வரை படிகள் கொடுத்து, வரும் பதிலை எண்ணாக்குவதுதான் ரேட்டிங் ஸ்கேல். ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வெளியிட்ட முறையின் பெயரைத்தான் நாம் இன்றும் 'ஃபைவ் பாயின்ட் லைக்கர்ட் ஸ்கேல்' என்று ஆய்வேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

## தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அளப்பது உண்மையிலேயே உள்ளே இருக்கும் ஒன்றா, அல்லது வெளியே நடந்தவற்றின் கூட்டா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கரையைத் தாக்கிப் போனது. அதில் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன இழப்பு என்று பட்டியல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்: வள்ளம் போனதா, வீட்டுக் கூரை போனதா, உறவில் யாரேனும் திரும்பவில்லையா. இந்த மூன்றுக்கும் பின்னால் 'இழப்பு' என்று ஒரு பொருள் ஒளிந்துகொண்டு மூன்றையும் உண்டாக்கவில்லை. மூன்றும் சேர்ந்துதான் இழப்பு ஆகிறது. கூரை போனவருக்கு வள்ளமும் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட பட்டியலுக்கு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டி வருகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைப் போடுவதில் அர்த்தம் இல்லை, எந்தக் கேள்விகள் ஒரே கொத்தாகச் சேருகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வும் வேண்டாம். ஆல்ஃபா வெறும் 0.4 வந்துவிட்டதே என்று ஒரு மாணவி அழுதிருக்கிறாள். அவள் பட்டியலில் தப்பே இல்லை, எண்ணிக் கூட்டினால் போதுமானதாக இருந்தது. மனச்சோர்வு அப்படி அல்ல. அது இருப்பதால்தான் தூக்கம் கெடுகிறது, ஆர்வம் போகிறது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கேதான் நியாயம்.

சரி, உள்ளுறை மாறிதான் என்று உறுதியான பிறகு, நான் பார்க்கச் சொல்வது இவற்றை:

- வரும் எண்ணை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்? தனி ஆளைச் சிகிச்சைக்கு அனுப்பவா, இரண்டு குழுவை ஒப்பிடவா, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மாற்றம் பார்க்கவா?
- கேள்வி நம் ஊர்க்காரர் காதில் விழும்போது, எழுதியவர் நினைத்த அர்த்தத்திலேயே விழுகிறதா?
- அதே ஆளிடம், நிலை மாறாதபோது, மறுபடி கேட்டால் கிட்டத்தட்ட அதே எண் வருமா?
- கையில் எத்தனை மாதம், எத்தனை பேர், எவ்வளவு பணம்?
- பதில் சொல்பவருக்கு எவ்வளவு சுமை? பதிலில் ஆபத்து தெரிந்தால் உங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

முதல் கேள்விக்கு விடை இல்லாமல் மற்ற நான்கையும் பார்ப்பதில் பயன் இல்லை. என்னிடம் வருபவர்களில் பலர் ஸ்கேலின் பெயரோடு வருகிறார்கள். என்ன முடிவுக்கு என்று கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

## வழி ஒன்று: ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பலர் பல நாடுகளில் சோதித்துப் பார்த்த கருவி கையில் இருக்கும்போது, புதிதாக ஒன்றை ஏன் செய்ய வேண்டும்?

மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ–9 என்ற ஒன்பது கேள்வித் தாள் 2001இல் வெளிவந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் எல்லை. பயன்படுத்த அனுமதியும் வேண்டாம், பணமும் வேண்டாம். பிரசவமான தாய்மாருக்கு 1987இல் வந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. பத்து கேள்வி, மொத்தம் 30, தமிழிலும் உண்டு. வாழ்க்கைத் தரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வித் தாள். உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பிரிவு. அதை உருவாக்கிய உலகளாவிய மையங்களில் சென்னையும் ஒன்று என்பதால், நம் மக்களின் பேச்சும் தொடக்கத்திலேயே கணக்கில் வந்திருக்கிறது.

எடின்பரோவைத் தனியாக ஏன் செய்தார்கள் என்று யோசித்தால் ஒரு பெரிய பாடம் கிடைக்கும். குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் எந்தத் தாய்க்குத்தான் நல்ல தூக்கம் இருக்கும்? அசதி இல்லாத தாய் எங்கே? பொதுவான ஸ்கேலில் இந்த உடல் அடையாளங்கள் எல்லாம் மனச்சோர்வுக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் எடின்பரோ அவற்றைப் பெரும்பாலும் தள்ளி வைத்துவிட்டு மன அடையாளங்களையே முக்கியமாகக் கேட்கிறது. யாருக்கு என்று பார்த்து ஸ்கேலை எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே சிக்கல் நம் குலசேகரம் பக்கம் வேறு வடிவில் வரும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்னே எழுந்தாக வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். "தூங்குவதில் சிரமம் உண்டா?" என்று கேட்டால் "தினமும்தான்" என்பார். அது அவர் வேலையின் நேரம், மனதின் நிலை அல்ல. ஒரே அளவு மனச்சோர்வு உள்ள இரண்டு பேரில், பால்வெட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு மூன்று மதிப்பெண் கூடுதலாக விழும். ஆசிரியர்களையும் பால்வெட்டுத் தொழிலாளர்களையும் ஒப்பிட்டு ஒருவர் ஆய்வேடு எழுதினால், அவர் கண்டுபிடித்த வித்தியாசத்தில் ஒரு பகுதி கேள்வித்தாளே உண்டாக்கியதாக இருக்கும்.

இனி மொழி. கடன் வாங்குவதில் வெளியே தெரியாத பெரிய செலவு இதுதான். குளச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், அறுபது தாண்டிய ஒரு அம்மாவிடம் மாணவி ஒருத்தி கேள்வித்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "சோர்வு இருக்குல்லா மக்களே, சுகர் உள்ளதுல்லா." மாணவி 'கிட்டத்தட்ட தினமும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். மூன்று மதிப்பெண்.

தாளை மூடிய பிறகு நான் கேட்டேன், "மனசுக்கு எப்படிம்மா? சங்கடம் ஏதும் உண்டா?"

"சங்கடம் ஒண்ணும் இல்ல. மவன் தங்கு கடலுக்குப் போயிருக்கான், வாறது வரைக்கும் ஒரு வெப்ராளம். வேற என்ன?"

அந்த ஒரு பதிலில் எத்தனை இருக்கிறது பாருங்கள். 'சோர்வு' என்றால் அவருக்கு உடம்பு அசதி. 'மன' என்ற முன்னொட்டு காதில் விழவே இல்லை. 'சங்கடம்' என்றால் சென்னையில் தர்மசங்கடம், நெருடல். நம் பக்கம் அது துக்கம். 'வெப்ராளம்' என்ற சொல்லை மதுரைக்கு வடக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கரை நோயின் அசதிக்கு மூன்று மதிப்பெண் மனச்சோர்வுக் கணக்கில் ஏறிவிட்டது, மகனுக்காகத் தவிக்கும் தவிப்பு எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

இதற்காகத்தான் மொழிபெயர்ப்பை ஒரு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து, திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறது என்று சான்றிதழ் வாங்குவதோடு நிறுத்தக்கூடாது என்கிறேன். அந்தச் சோதனையில் 'மனச்சோர்வு' அழகாகத் தேறிவிடும். திண்ணையில்தான் தோற்கும். பத்துப் பேரிடம் உட்காருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். இதைத்தான் திண்ணைச் சோதனை என்கிறேன். இரண்டே நாள் வேலை. முப்பது பக்கப் புள்ளியியல் சொல்லாததை இது சொல்லும்.

விடைப் படிகளிலும் கவனம் வேண்டும். பி.எச்.கியூவில் 'இல்லவே இல்லை', 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்', 'கிட்டத்தட்ட தினமும்' என்று படிகள். பலருக்கு 'பாதி நாட்களுக்கு மேல்' என்பது மனதில் நிற்காது. பதினான்கு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சோ அத்தனையைத் தனியா வையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். 0–1, 2–6, 7–11, 12–14 என்று நாளாக எண்ணி நான்கு படிக்குள் கொண்டுவரும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. அப்புறம், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முன்னால் நிற்கும் மாவட்டம் என்பதற்காகத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் பள்ளிப் படிப்பு படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூச்சத்தில் வாங்கிக்கொண்டு, நடுக் கட்டத்தில் வரிசையாக டிக் போட்டுத் தந்துவிடுவார்கள். நேரில் கேட்கிறீர்கள் என்றால், மருமகளிடம் கேட்கும்போது மாமியார் கட்டிலில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதிச் செலவு அடுத்தது. எடின்பரோவை மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனத்தின் தாளுக்கு எழுதிக் கேட்க வேண்டும். சிலவற்றுக்கு உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். இணையத்தில் பிடிஎஃப் கிடைக்கிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. ஒரு மாணவி தரவு சேகரித்து முடித்த பிறகு உரிமையாளர் கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு ஆய்வையே மாற்றியிருக்கிறாள். முதல் வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பி.எச்.கியூவின் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கும். அதற்கு ஒருவர் 'ஆம்' என்றால் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக உங்களுக்கு உரிமை இல்லை. எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது, யார் கூடப் போவது என்பது முதல் வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416 ஒவ்வொரு களப்பணியாளர் கையிலும் இருக்கட்டும். இதற்கு ஏற்பாடு செய்ய முடியாதவர்கள் இந்த ஸ்கேலை எடுக்க வேண்டாம்.

## வழி இரண்டு: நாமே உருவாக்குவது

'செல்ஃப் ஸ்ட்ரக்சர்டு டூல்' என்று ஆய்வேட்டில் ஒரு வரி வரும். அதன் பின்னால் இருப்பது பல நேரம் இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது கேள்வி எழுதுவது, ஐந்து நிபுணரிடம் கையெழுத்து, பத்துப் பேரிடம் முன்னோட்டம், ஆல்ஃபா 0.8, முடிந்தது. மாணவிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் மாதங்களில் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் இது அளவுகோல் ஆகாது என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

பத்துப் பேரிடம் வந்த ஆல்ஃபாவை நம்ப முடியாது, அது அடுத்த பத்துப் பேரில் எங்கேயும் போகும். நூறு பேரில் வந்தாலும் கவனம் வேண்டும். கேள்விகளுக்குள் சராசரித் தொடர்பு 0.3 மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஐந்து கேள்விக்கு ஆல்ஃபா 0.68, பத்து கேள்விக்கு 0.81, இருபதுக்கு 0.90. கேள்வியின் தரம் கொஞ்சமும் ஏறவில்லை, எண்ணிக்கைதான் ஏறியது. ஒரே கேள்வியை நான்கு விதமாகத் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். கிரான்பாக் 1951இல் கொடுத்த இந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்று சொல்லாது.

ஒழுங்காகச் செய்தால் வேலை இப்படிப் போகும். முதலில் பதினைந்து இருபது பேரிடம் மனம்விட்டுப் பேசி, அவர்கள் வாயில் வந்த சொற்களிலேயே கேள்வி எழுத வேண்டும். தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு எழுதிக் கழிக்க வேண்டும். நிபுணர்கள் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், மொத்தத் தாளுக்கும் ஒரு கையெழுத்து போதாது. பிறகு திண்ணைச் சோதனை. பிறகு குறைந்தது இருநூறு முந்நூறு பேரிடம் எடுத்துக் காரணிப் பகுப்பாய்வு. அதில் கிடைத்த அமைப்பு நிற்கிறதா என்று வேறு ஆட்களிடம் மறுபடி. இரண்டு வார இடைவெளியில் மறு அளவீடு. ஏற்கெனவே பெயர் பெற்ற ஒரு ஸ்கேலோடு ஒப்பீடு. இது தனியே ஒரு முனைவர் பட்ட அளவு வேலை. இரண்டு வருடப் படிப்பில், ஒரு சிகிச்சையோ பயிற்சியோ கொடுத்துப் பலன் பார்க்கும் தலையீட்டு ஆய்வும் செய்து, பக்கத்தில் இதையும் செய்வது நடக்காத காரியம்.

தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இதில் உண்டு. பாதிக் கேள்விகளை எதிர்மறையாக எழுதச் சொல்லிப் பாடப்புத்தகம் சொல்லும், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுபவரைப் பிடிக்க. "நான் கவலையில்லாமல் இருப்பதில்லை – ஒருபோதும் இல்லை" என்று டிக் போட்டால் அவர் கவலைப்படுகிறாரா இல்லையா? வாசிக்கும் நீங்களே நின்று யோசிப்பீர்கள். கேட்பவர் எப்படிச் சொல்வார்? எதிர்மறை வேண்டும் என்றால் எதிர்ச்சொல்லால் எழுதுங்கள்: "மனசு லேசா இருந்தது."

இத்தனையும் சொன்ன பிறகு, எப்போது இதுவே சரியான வழி? எந்த ஸ்கேலும் தொடாத ஒரு பொருள் உங்கள் கையில் சிக்கும்போது. அந்த அம்மா சொன்ன வெப்ராளத்தையே எடுத்துக்கொள்வோம். தூத்தூர்ப் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக் கணக்கு ஆகும். கரையில் இருக்கும் பெண்களின் அந்தத் தவிப்பு, காற்று கூடும்போது கூடும், போன் அடித்தால் அடங்கும், 2017க்குப் பிறகு அதன் ஆழமே வேறு. பதற்றத்துக்கான ஏழு கேள்வித் தாளான ஜி.ஏ.டி–7 அதைக் கொஞ்சம் பிடிக்கும், முழுதாகப் பிடிக்காது. அதை அளக்க ஒரு நல்ல அளவுகோலை இந்த மாவட்டத்திலிருந்து யாராவது உருவாக்கினால், ஆழ்கடல் மீன்பிடிப்பு உள்ள எந்தக் கரைக்கும் அது பயன்படும். இதை முழு ஆய்வாக எடுத்துச் செய்ய ஒருவர் வந்தால், நான் கூடவே உட்கார்ந்து வேலை பார்ப்பேன்.

## வழி மூன்று: ஒரே கேள்வி, ஒரே கோடு

இதை ஆய்வு என்றே பலர் மதிப்பதில்லை. ஒரு கேள்வியில் என்ன தெரியும் என்பார்கள். "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?" என்ற ஒரே கேள்விக்குச் சொல்லும் பதில், பிற்காலத்தில் யார் இறப்பார் என்பதைக்கூட ஓரளவு முன்கூட்டிக் காட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 1997இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் போன்ற பிற காரணங்களைக் கழித்த பிறகும் பெரும்பாலானவற்றில் அந்தத் தொடர்பு நின்றது. ஆயிரம் வீட்டுக்குப் போகும் கணக்கெடுப்பில், நூறு கேள்விக்கு நடுவே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால், இதுவே சரியான தேர்வு. வலிக்கும் அப்படித்தான். வலி எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் கேட்பதற்கு நீண்ட ஸ்கேல் எதற்கு? சின்னக் குழந்தைகளுக்கு முகப் படங்கள் இருக்கின்றன.

ஆனால் ஒரே கேள்வியில் ஒரு சொல் தவறினால் எல்லாம் தவறிவிடும், மற்ற கேள்விகள் தாங்கிப் பிடிக்காது. உடல்நலக் கேள்வியின் ஐந்து படியில், நன்றுக்கும் மோசத்துக்கும் நடுவே இருக்கும் படியைப் 'பரவாயில்லை' என்று போட்டால், சிலர் அதை நன்றாக இருக்கிறது என்று எடுப்பார்கள், சிலர் ஏதோ ஓடுகிறது என்று எடுப்பார்கள். நம் ஊரில் 'கொள்ளாம்', 'கொழப்பமில்ல' என்று பதில் வரும், அது எந்தக் கட்டம்? முன்னோட்டத்திலேயே முடிவு செய்து எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு களப்பணியாளரும் ஒவ்வொரு கட்டத்தில் போடுவார்கள்.

நூறு மில்லிமீட்டர் கோடு போட்டு, அதில் குறி வைக்கச் சொல்லும் முறையில் வேறொரு விஷயம். ஜெராக்ஸ் எடுக்கும்போது கோடு சுருங்கும். ஒரு கட்டுத் தாளில் 100 மி.மீ., அடுத்த கட்டில் 96. கடையிலிருந்து வாங்கியதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வயதானவர்களுக்கு இந்தக் கோடு புரிவதும் கஷ்டம், எண்ணாகக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரே கேள்விக்கு ஆல்ஃபா போட முடியாது, மறு அளவீட்டில்தான் நம்பகத்தன்மை பார்க்க வேண்டும். தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க இதை நம்பக்கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இருக்கும் அளவுகோல் | நாமே உருவாக்குவது | ஒரே கேள்வி |
|---|---|---|---|
| தயாரிப்புக் காலம் | தமிழ் வடிவம் இருந்தால் சில வாரம், இல்லையென்றால் சில மாதம் | ஒரு வருடத்துக்கு மேல் | சில நாள் |
| முன்கூட்டியே தேவையான ஆட்கள் | திண்ணைச் சோதனைக்குப் பத்து, முன்னோட்டத்துக்கு முப்பது | கட்டம் கட்டமாக 400–500 | பத்து முதல் முப்பது |
| பிற ஆய்வுகளோடு ஒப்பிட | எளிது | முடியாது | ஓரளவு |
| தனி ஆளைச் சிகிச்சைக்கு அனுப்ப | எல்லை எண் நம்மவரிடம் சோதிக்கப்பட்டிருந்தால் | தொடக்கத்தில் கூடாது | கூடாது |
| மாற்றத்தைப் பார்க்க | பொதுவாக நல்லது | நிரூபித்த பிறகு | பெரிய மாற்றம் மட்டும் |
| ஊர்ப் பேச்சுக்குப் பொருத்தம் | சோதித்துத் திருத்த வேண்டும் | மிக நல்லது | அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது |
| மறைந்திருக்கும் செலவு | உரிமம், தவறான அர்த்தம், ஒன்பதாவது கேள்வியின் பொறுப்பு | உங்கள் வருடங்கள் | ஒரு சொல் பிழைத்தால் மீட்க வழியில்லை |

தனி ஆளைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், எந்த எண்ணும் ஆடும். ஒரு ஸ்கேலின் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் மதிப்பெண் எவ்வளவு விலகுகிறது என்பது) 5, நம்பகத்தன்மை (மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்து வரும் என்பது, முழுமை என்றால் 1) 0.84 என்று வைத்தால் அளவீட்டுப் பிழை 2 வரும். 9 வாங்கியவரின் உண்மை நிலை 7ஆகவும் இருக்கலாம், 11ஆகவும் இருக்கலாம். இருநூறு பேரின் சராசரியில் இந்த ஆட்டம் அடங்கிவிடும். ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லும்போது அடங்காது.

## கூட்டினால் போதுமா, ராஷ் வேண்டுமா?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி கடைசியில் வரும். 'சில நேரம்' என்பதிலிருந்து 'அடிக்கடி' வரை உள்ள தூரமும், 'அடிக்கடி'யிலிருந்து 'எப்போதும்' வரை உள்ள தூரமும் ஒன்றா? ஒன்று என்று எண்ணித்தான் கூட்டுகிறோம். டென்மார்க்கின் கணித அறிஞர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட முறை, கேள்விகளையும் ஆட்களையும் ஒரே கோட்டில் வைத்து அளக்கிறது.

முழங்கால் வலி உள்ளவரிடம் மூன்று கேள்வி: வீட்டுக்குள் நடக்க முடியுமா, பஸ் ஸ்டாப் வரை நடக்க முடியுமா, சிதறால் மலை ஏற முடியுமா. மலை ஏறுகிறவர் வீட்டுக்குள் நடப்பார் என்பது கேட்காமலே தெரியும். இப்படி எளிதிலிருந்து கடினத்துக்குப் படி அமைகிறதா, எந்தப் படியில் இடைவெளி இருக்கிறது, எந்தக் கேள்வி ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக விழுகிறது என்றெல்லாம் ராஷ் காட்டும். பால்வெட்டுக்காரரின் தூக்கக் கேள்வியும் அதில் மாட்டிக்கொள்ளும். உங்கள் தாளில் வீட்டுக்குள் நடக்கும் கேள்விகள் மட்டுமே இருந்தால் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குவார்கள், பிசியோதெரபி கொடுத்த பிறகு முன்னேற்றம் தெரிய இடமே இருக்காது.

புதிதாக ஸ்கேல் செய்பவர்கள் ராஷைத் தவிர்க்கக்கூடாது. பெயர் பெற்ற ஸ்கேலை எடுத்து இரண்டு குழுவை ஒப்பிடுபவர்களுக்குக் கூட்டுத்தொகை போதும். இந்தக் கணக்கைப் போட உதவும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம்தான், ஆனால் கற்றுக்கொள்ள நேரம் ஆகும். அறுபது பேர் தரவில் ராஷ் போட்டுக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்காதீர்கள், அது நிற்காது.

## யாருக்கு எது

எம்.எஸ்சி. நர்சிங், கையில் ஒரு வருடம், அறுபது பேர், தலையீட்டுக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும்: இருக்கும் அளவுகோலை எடுங்கள். தமிழ் வடிவம் இருப்பதையே எடுங்கள், இல்லாத ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். நம் ஊருக்கே உரிய ஏதாவது விடுபடுகிறது என்று தோன்றினால், இரண்டு மூன்று கேள்வியைத் தனியாகக் கேட்டுத் தனியாக எழுதுங்கள். மூல ஸ்கேலின் மொத்தத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்த எல்லை எண்ணும் போய்விடும், ஒப்பீடும் போய்விடும்.

பிரசவமான தாய்மார் என்றால் எடின்பரோ, யோசிக்க வேண்டாம். வீடு வீடாகப் போகும் பெரிய கணக்கெடுப்பு என்றால் ஒரே கேள்வி, அல்லது நலனை அளக்கும் ஐந்து கேள்வித் தாளான டபிள்யூ.எச்.ஓ–5. அதன் ஐந்து வரியும் நேர்மறை, நோய்ப் பேச்சே இல்லை. வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர், நான்கு வருடம் இருக்கிறது, கடற்கரையிலோ மலையோரத்திலோ வேர் இருக்கிறது என்றால் உருவாக்கும் வழியைத் தைரியமாக எடுக்கலாம்.

மீனவர் குடும்பங்களில் முன்–பின் அளவு எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கே சொன்ன ஸ்கேல்களில் பல 'கடந்த இரண்டு வாரம்' என்று கேட்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மே மாதம் முட்டத்தில் முதல் அளவும் ஜூலையில் இரண்டாம் அளவும் எடுத்தால், ஆள் கரையில் இருப்பதால் பயம் குறைந்திருக்கும், வருமானம் இல்லாததால் கவலை கூடியிருக்கும். உங்கள் கவுன்சலிங் என்ன செய்தது என்பது அதற்குள் புதைந்துவிடும். இரண்டு அளவையும் தடைக்காலத்துக்கு ஒரே பக்கத்தில் வையுங்கள். தேதி ஒத்துவராது என்றால், ஒப்பீட்டுக் குழுவை அதே கரையிலிருந்து, அதே வாரத்தில் எடுங்கள்.